கிணறும் கிதாபும்



தண்ணீர்மலைப் பக்கம் மளிகைக் கடை வைத்துப் பிழைக்கும் நாம் ஆலிமல்ல. மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பாடசாலையில் படித்ததுமே நமது கல்வி. ஆயினும் முதல், லாபம் என்ற இரண்டு சொற்களின் பொருள் நமக்கு நன்றாகத் தெரியும். இன்று சொல்ல வந்த விஷயமும் அதைப் பற்றியதே.

மதீனா மாநகரில் நல்ல குடிநீருக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். ரூமா என்ற கிணற்றின் சொந்தக்காரர் தண்ணீரை விலைக்கு விற்று வந்தார். நம்மைப் போலக் கொடுக்கல் வாங்கல் செய்து வந்த ஹஸரத் உதுமான் (ரலி) அவர்கள், நாலு குடம் தண்ணீர் வாங்கி ஏழைகளுக்கு ஊற்றியிருந்தாலும் அது தர்மமே. ஆனால் மறுநாள் தாகம் மறுநாள் வந்து நிற்குமல்லவா? அவர்கள் கிணற்றையே விலை பேசி வாங்கி மக்களுக்கு விட்டுவிட்டார்கள்.

ஹஸரத் உமர் (ரலி) அவர்களுக்கு கைபரில் நல்ல நிலம் ஒன்று கிடைத்தது. அதை என்ன செய்யலாமென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் யோசனை கேட்டார்கள். முதலை நிறுத்திவைத்து, அதன் விளைச்சலைத் தர்மமாக்கும்படி நாயகம் (ஸல்) சொன்னார்கள். விற்கக் கூடாது, இனாமாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுக்கும் போகக் கூடாது. ஏழை, உறவினர், வழிப்போக்கர், விருந்தாளி முதலியோர் அதன் பலனை அனுபவிக்க வேண்டும். பார்த்துக்கொள்பவர் நியாயமான அளவில் உண்ணலாம். இதற்குத்தான் வக்பு என்று பெயர்.

இந்த ஒரே வேரில்தான் பிற்காலத்தில் வைத்தியசாலையும் கிளைத்தது, கிதாபுக்கானா என்னும் நூலகமும் கிளைத்தது. திமிஷ்க் நகரில் சுல்தான் நூருத்தீன் 1154இல் நிறுவிய வைத்தியசாலை வக்பு வருமானத்தில் நடந்தது. அதற்கும் முன்னே, 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மௌஸில் நகரத்து ஜஅபர் இப்னு ஹம்தான் என்பவர் ஒரு கிதாபுக்கானா கட்டி எல்லோருக்கும் திறந்துவிட்டார். இல்மைத் தேடி வந்த அந்நியர் ஏழையாயிருந்தால் எழுதக் காகிதமும் கொடுத்தார், கைச்செலவுக்கு வெள்ளிக்காசும் கொடுத்தார். நூல் நிலையம் ஒரு வாசல், ஏழை நிதி இன்னொரு வாசல் என்று அவர் பிரித்துவைக்கவில்லை.

நம்மவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர் ஒருவர் உண்டு. பெயர் யாகூத். சிறு பிராயத்தில் அடிமையாகப் பிடிபட்டு பகுதாதில் ஒரு வியாபாரிக்கு விற்கப்பட்டார். அந்த வியாபாரிக்கு எழுத்துவாசனை மிகவும் குறைவு. கணக்கு எழுத ஓர் ஆள் வேண்டுமென்றே பையனைப் படிக்க வைத்தார். (நம்மில் எத்தனை பேர் கடைப் பையனைப் படிக்க அனுப்பியிருக்கிறோம்? அது கிடக்கட்டும்.) பையன் வளர்ந்து, முதலாளிக்காகக் கடல் வியாபாரம் பார்த்து, விடுதலை பெற்று, கிதாபு வியாபாரியுமாகி, கடைசியில் குராஸானிலுள்ள மர்வு நகரம் போய்ச் சேர்ந்தார். அங்கே வக்பாக விடப்பட்ட கிதாபுக்கானாக்கள் பத்து இருந்தன. எந்நேரமும் இருநூறு கிதாபுகள் இரவலாகத் தம் வீட்டில் இருந்தனவென்றும், பெரும்பாலானவற்றுக்கு ஈடுகூடக் கேட்கவில்லையென்றும் அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கிதாபுகளிலிருந்து திரட்டியவையெல்லாம் அவர் எழுதிய பெரிய ஊரகராதியில் சேர்ந்தன. 1221இல் தாத்தாரியர் மர்வை அழித்தார்கள். கிதாபுக்கானாக்களும் போயின. முன்னமே வெளியேறிவிட்ட யாகூதின் எழுத்தில் அவற்றின் பெயர்கள் நிற்கின்றன.

செஞ்சிலுவைச் சங்கத்தை எடுத்துக்கொண்டாலும் தொடக்கம் ஒரு வியாபாரியிடமே. ஜெனீவாவைச் சேர்ந்த ஆன்றி துனான் தமது தொழில் காரியமாகப் பிரெஞ்சுச் சக்கரவர்த்தியைக் காணப் போன வழியில், 1859இல் ஸோல்பெரினோ போர்க்களத்தில் காயம்பட்டுக் கிடந்தவர்களைக் கண்டார். கண்டதை ஒரு புத்தகமாக எழுதினார். 1863இல் சங்கம் பிறந்தது. உதவிக்கு முன்னே எழுத்து நின்றதைக் கவனிக்க வேண்டும்.

நமது பினாங்குக்கு வருவோம். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதிர் முகைதீன், அதாவது கப்பித்தான் கிளிங், காலத்தில் 1801இல் 18 ஏக்கர் நிலம் பள்ளிவாசலுக்குக் கிடைத்தது. அந்த இடம் இன்று நடுநகரம். ஆனால் இத்தகைய தர்மச் சொத்துக்களின் நிர்வாகம் சீர்கெட்டதனால், 1905இல் சர்க்கார் தனிச் சட்டம் இயற்றி, முஸ்லிம் இந்து தர்மச் சொத்துக்களுக்கென்று ஒரு போர்டு வைக்கும்படியாயிற்று. நிலத்தைக் கொடுத்தவரிடம் குறையில்லை. கணக்கு எழுதாத கையிலேதான் குறை.

நம்முடைய குறையையும் மறைக்கமாட்டோம். நாம் சிறுவனாகக் கடையில் நின்ற நாளில், மாடியறையில் குடியிருந்த பெரியவரொருவர் இரண்டு மரப்பெட்டி நிறையக் கிதாபுகள் வைத்திருந்தார். கேட்டவருக்கெல்லாம் படிக்கக் கொடுப்பார். அவர் மௌத்தான பிறகு வாடகைப் பாக்கிக்காக அவை பழைய காகிதமாய் நிறுத்து விற்கப்பட்டன. நமது கடையிலும் ஒரு பெட்டி வாங்கினோம். அந்தத் தாள்களில் மிளகும் கருவாடும் கட்டிக் கொடுத்தோம். ஒரு தாளில் அரபு எழுத்தில் தமிழ் இருந்தது. தாளை மடித்த கை நம்முடைய கைதான்.

நாகூர் குலாம் காதிறு நாவலர் 19ஆம் நூற்றாண்டில் இந்த ஊரிலிருந்து "வித்தியா விசாரிணி" என்று தமிழ்ப் பத்திரிகை நடத்தினார். அதில் ஒரு பிரதியாவது நம்மவர் வீடுகளில் இருக்கிறதா என்று பெட்டிகளைத் திறந்து பாருங்கள்.

2017 நவம்பர் வெள்ளத்தின்போது நம்மவர் அரிசியும் போர்வையும் தாராளமாகக் கொடுத்தார்கள். அல்லாஹ் கபூல் செய்வானாக. நாமும் இரண்டு மூட்டை கொடுத்துவிட்டு, நனைந்துபோன பள்ளிப் புத்தகத்தைக் கையில் பிடித்து நின்ற பிள்ளையை ஒன்றும் கேளாமல் திரும்பிவிட்டோம்.

ஆகவே சகோதரர்களே, நமது யோசனை இது. சங்கத்துக்கு ஓர் அறையின் வாடகை வரும்படி சிறு முதல் ஒன்றை வக்பாக்குவோம். பாதி வாசகசாலைக்கு, பாதி ஆபத்து உதவிக்கு என்று முதலிலேயே எழுதிவைப்போம். கணக்கை மாதந்தோறும் இந்த இதழிலேயே அச்சிடுவோம். அந்த மரப்பெட்டியில் கட்டப்படாமல் மீந்த கிதாபு ஒன்று, முன்னட்டையில்லாமல், நம்மிடம் இருக்கிறது. அதை வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் செயலாளரிடம் ஒப்படைக்கிறோம். முதல் இலக்கமாக அதைப் பதிந்துகொள்ளட்டும்.