வார இறுதிக்கு ஒரு தோட்டம் வாங்கலாமா?

ஜும்ஆ உரை, கே.கே. நகர், சென்னை

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே!

சென்ற வாரம் மஃரிப் தொழுகை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு ஒரு சகோதரர் தயங்கித் தயங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஹஜ்ரத், மதுராந்தகத்துக்கு உள்ளே ஐம்பது சென்ட் நிலம் ஒன்று வந்திருக்கு. விவசாயம் பண்ண இல்லை. சனி, ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போய் இருந்துட்டு வரலாம்னு ஆசை. வாங்கலாமா?" என்று கேட்டார்.

மூன்றாவது மாடியில் சின்ன வீடு. பிள்ளைகள் மண்ணை மிதிப்பது சிவன் பூங்காவில் மட்டும்தான். அவருடைய ஆசை எனக்குப் புரிந்தது. பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். நிலத்தைப் பார்க்கப் போன அன்று அங்கே ஒரு பெரியவர் இரண்டு மாடுகளை மேய்த்துக்கொண்டிருந்தாராம். அவர் யார் என்று கேட்டதற்கு, "அது ஒண்ணுமில்லை சார், வேலி போட்டா தானா போயிடுவாரு" என்றாராம் புரோக்கர்.

சகோதரர் எழுந்து போய்விட்டார். அந்தப் பெரியவர்தான் என் மனதை விட்டுப் போகவில்லை. அவர் அனுமதியோடு இந்தக் கேள்வியையே இன்றைய ஜும்ஆவில் உங்கள் முன் வைக்கிறேன். ஏனென்றால் இது அவர் ஒருவரின் கேள்வி இல்லை. உங்களில் பலருடைய கைபேசியில் பண்ணை நில விளம்பரம் இந்த நேரத்தில் வந்து கிடக்கும்.

ஓய்வு தேடுவது தவறா?

இல்லை. ஹன்ழலா (ரலி) அவர்கள், நபியவர்களின் சபையில் இருக்கும்போது உள்ள ஈமானின் உணர்வு மனைவி மக்களோடு இருக்கும்போது குறைந்துவிடுகிறதே, நான் நயவஞ்சகனாகிவிட்டேனோ என்று அழுதுகொண்டு வந்தார்கள். அதற்கும் ஒரு நேரம், இதற்கும் ஒரு நேரம் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். நபியவர்கள் எப்போதாவது ஊரை விட்டு வெளியே நீரோடைகள் உள்ள மேட்டுப் பக்கம் போய்வருவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் இருக்கிறது.

மதீனாவில் மஸ்ஜிதுன் நபவிக்கு எதிரே பைருஹா என்ற பேரீச்சந்தோட்டம் இருந்தது. அபூதல்ஹா (ரலி) அவர்களுக்குச் சொந்தமானது. நபியவர்கள் அதற்குள் போவார்கள், அங்குள்ள நல்ல தண்ணீரைக் குடிப்பார்கள். கவனியுங்கள் சகோதரர்களே! தோட்டம் இன்னொருவருடையது. நிழலும் தண்ணீரும் நபியவர்களுக்கும் கிடைத்தன. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து இளைப்பாற அந்த மரம் நம் பெயரில் பத்திரமாகியிருக்க வேண்டியதில்லை.

இந்தச் சகோதரரிடமும் அதைத்தான் முதலில் கேட்டேன். "உங்க உம்மா எங்கே இருக்காங்க?" ஊரில் தனியாக இருக்கிறார்களாம். கொல்லையில் இரண்டு தென்னை, ஒரு முருங்கை, ஒரு கிணறு. கடைசியாகப் போனது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு. பிள்ளைகளுக்கு மண் வேண்டும் என்றால் அந்தக் கொல்லையிலும் மண் இருக்கிறது. அங்கே போனால் ஓய்வோடு உறவைச் சேர்த்த நன்மையும் கிடைக்கிறது. வாங்குவதற்கு முன் நம்மிடம் இருப்பதை ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிலம் மனதைப் பிடிக்கும்

தோட்டம் துரவுகளில் மூழ்கிவிடாதீர்கள், உலகத்தின் மீது பேராசை வந்துவிடும் என்ற கருத்தில் ஒரு நபிமொழியை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. நிலம் வைத்திருப்பதே கூடாது என்பது இதன் பொருளில்லை. அன்சாரிகள் பெரும்பாலும் விவசாயிகள்தான். மார்க்கத்தை மறக்கடிக்கும் அளவுக்கு அதில் விழுந்துவிடக் கூடாது என்றுதான் உலமாக்கள் விளக்கம் சொல்கிறார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் சூரத்துல் கஹ்ஃப் ஓதுகிறோம். அதில் இரண்டு தோட்டக்காரன் வருகிறான். திராட்சைத் தோட்டம், சுற்றிலும் பேரீச்சை, இடையில் பயிர், நடுவே ஓடும் ஆறு. அவன் திருடி வாங்கியதாக அல்லாஹ் சொல்லவில்லை. தோட்டத்துக்குள் நுழையும்போது இது அழியவே அழியாது என்று நினைத்தான். பக்கத்தில் நின்ற தோழனைவிட நான் உயர்ந்தவன் என்றான். அவ்வளவுதான். ஒரே இரவில் எல்லாம் சாய்ந்து கிடந்தது. நம் காலத்தில் அந்தத் தோட்டத்தின் போட்டோ முதலில் போகிற இடம் குடும்ப வாட்ஸ்அப் குழு. யாருக்கு அனுப்புகிறோம், எதற்காக அனுப்புகிறோம் என்று நம் நெஞ்சுக்குத் தெரியும்.

யாருடைய நிலம்?

அடுத்தவர் நிலத்தில் ஒரு சாண் அநியாயமாக எடுத்தாலும் மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாலையாக மாட்டப்படும் என்று எச்சரிக்கிறது புகாரி, முஸ்லிமில் உள்ள நபிமொழி. ஆகவே நிலம் வாங்குகிறவர் தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அ பதிவேடு, புல வரைபடம் எல்லாவற்றையும் பார்ப்பது வெறும் வக்கீல் வேலை என்று நினைக்காதீர்கள். அது தக்வாவின் ஒரு பகுதி.

செங்கல்பட்டுப் பக்கம் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அதன் தொடர்ச்சியாக 1892-ல் வந்த ஆணைப்படி மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் அந்த மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. இதைத்தான் பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்கிறோம். பத்து வருடங்களுக்கு விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் அந்த மக்களுக்குள்ளேயே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்படிப்பட்ட நிலங்களில் எத்தனையோ கை மாறிப்போயின. அதை மீட்கக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். புரோக்கர் கொடுக்கும் நகல் சுத்தமாக இருக்கலாம். அந்த நிலத்தின் பழைய பதிவேடு என்ன சொல்கிறது என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தண்ணீரின் பாதையையும் பாருங்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஏரிப் பாசன பூமி. கோடையில் காய்ந்து கட்டாந்தரையாகத் தெரிவது ஏரியின் நீர்ப்பிடிப்பாக இருக்கும், வரப்பாகத் தெரிவது வாய்க்காலாக இருக்கும். நமக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். லாங் டேங்க் என்ற நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தி. நகர் உருவானது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் திறந்து அடையாறு பெருகியபோது ஜாஃபர்கான்பேட்டையிலும் எம்.ஜி.ஆர். நகரிலும் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்று இங்கே இருப்பவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். தண்ணீரின் வழியை மறித்தால் யார் வீட்டுக்குள் அது போகும் என்று நமக்குத் தெரியும்.

துண்டு துண்டாகப் பிரித்து விற்கும் மனையாக இருந்தால் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, சேமிப்பு முழுவதையும் அதில் போட்டவர்கள் தவித்ததைப் பார்த்தோம். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று எழுதாதீர்கள். அது பொய்ச் சாட்சி. வட்டிக் கடனில் வாங்கிய நிழலில் உட்கார்ந்து பரக்கத்தை எதிர்பார்க்காதீர்கள்.

வேலிக்கு வெளியே யார்?

இப்போது அந்தப் பெரியவரிடம் வருவோம். தண்ணீர், புல், நெருப்பு இந்த மூன்றிலும் மக்களுக்குப் பங்கு உண்டு என்று நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உமர் (ரலி) அவர்கள் ஆட்சியில் அரசு மேய்ச்சல் நிலத்துக்கு ஹுனை என்பவரைப் பொறுப்பாளராக நியமித்தார்கள். அவருக்குச் சொன்ன அறிவுரை புகாரியில் இருக்கிறது. அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்குப் பயந்துகொள். நாலு ஒட்டகமும் நாலு ஆடும் வைத்திருப்பவனை உள்ளே விடு. இப்னு அவ்ஃபின் கால்நடைகளையும் இப்னு அஃப்பானின் கால்நடைகளையும் பார்த்துக்கொள். அவர்களுக்குக் கால்நடை போனாலும் பேரீச்சந்தோட்டம் இருக்கிறது. இந்த ஏழைக்கு அதுவும் போனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பான். இந்தக் கருத்தில் உமர் (ரலி) சொல்கிறார்கள். அவர்கள் பெயர் சொன்ன இருவரும் சொர்க்கத்து நன்மாராயம் பெற்ற பெரும் ஸஹாபிகள்! அப்படியும் மேய்ச்சல் என்று வரும்போது இரண்டு மாட்டுக்காரனுக்குத்தான் முதலிடம்.

சூரத்துல் கலமில் இன்னொரு தோட்டம் வருகிறது. ஏழைகள் யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று விடியற்காலையில் ரகசியமாக அறுவடைக்குக் கிளம்பினார்கள். போய்ப் பார்த்தால் கருகிக் கிடந்தது. வழி தப்பி வந்துவிட்டோமோ என்று திகைத்தார்கள். அவர்கள் செய்த குற்றம் கதவை அடைத்ததுதான்.

பட்டா உங்கள் பெயரில் இருந்தால் வேலி போட உங்களுக்கு உரிமை உண்டு. மார்க்கமும் அதை மறுக்கவில்லை. ஆனால் வேலி போடும் நாளில் யார் வெளியே நிற்பார்கள் என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

வாங்கினால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் நிய்யத்தைத் தெளிவாக்குங்கள். ஓய்வுக்கு என்று சொல்லிவிட்டு, விலை ஏறினால் விற்றுவிடலாம் என்று உள்ளே ஒரு கணக்கு வைக்காதீர்கள். விற்று லாபம் பார்க்கும் நோக்கத்தில் வாங்கிய நிலம் வியாபாரப் பொருள். வருடந்தோறும் அதன் சந்தை மதிப்பில் இரண்டரை சதவீதம் ஜகாத் வரும். சொந்த உபயோகத்துக்கு வாங்கியதில் நிலத்துக்கு ஜகாத் இல்லை. விளைச்சலுக்குத் தனிச் சட்டம் உண்டு. மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, இறைத்து ஊற்றினால் இருபதில் ஒன்று. எந்தெந்த விளைச்சலில் கடமை என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பூமியைச் சும்மா போடாதீர்கள். நிலம் உள்ளவர் பயிரிடட்டும், இல்லையென்றால் தன் சகோதரனுக்குப் பயிரிடக் கொடுக்கட்டும் என்ற நபிமொழி உண்டு. வாங்கிய புதிதில் வாரம் தவறாமல் போவோம். பிறகு மாதம் ஒரு தடவை. அப்புறம் பூட்டு துருப்பிடித்துக் கிடக்கும், உள்ளே சீமைக்கருவேலம் மண்டிவிடும். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ சாப்பிட்டால் அது அவருக்கு சதகா. நீங்கள் போகாத ஐந்து நாளும் அந்த நிலம் உங்களுக்காக நன்மை சம்பாதிக்க வேண்டுமா, பூட்டிக் கிடக்க வேண்டுமா?

கைபரில் உமர் (ரலி) அவர்களுக்கு ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட மதிப்பான சொத்து அவர்களுக்குக் கிடைத்ததில்லை. நேராக நபியவர்களிடம் போய் என்ன செய்வது என்று ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்திவைத்து, விளைச்சலை ஏழைகளுக்கும் உறவினருக்கும் வழிப்போக்கருக்கும் விருந்தாளிகளுக்கும் கொடுக்கும் வக்ஃபாக அது ஆனது. பராமரிப்பவர் அளவோடு சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றும் சேர்த்தார்கள். பைருஹாவையும் அபூதல்ஹா (ரலி) அவர்கள் அல்லாஹ்வுக்காகக் கொடுத்தார்கள். நபியவர்கள் சொன்னபடி அது அவர்களுடைய உறவினர்களுக்கே பங்கிடப்பட்டது. நல்ல நிலம் கையில் வந்தபோது ஸஹாபாக்களின் யோசனை இந்தப் பக்கம்தான் போனது.

கண்ணியத்திற்குரியவர்களே! அந்தச் சகோதரரிடம் நான் வாங்குங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "இன்னொரு தடவை போயிட்டு வாங்க. புரோக்கர் இல்லாம போங்க. அந்தப் பெரியவர் பக்கத்துல கொஞ்ச நேரம் உட்காருங்க. அப்புறம் இஸ்திகாரா தொழுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறார். அந்த நிலம் ஒரு காலத்தில் பெரியவருடைய அண்ணன் பயிர் செய்ததாம். பெண்ணின் கல்யாணக் கடனுக்கு விற்றுவிட்டார்களாம். வேப்பமரம் மட்டும் அண்ணன் நட்டது என்று காட்டியிருக்கிறார். வாங்கினால் மரத்தை வெட்டிவிடுவீர்களா என்று கேட்டாராம். சகோதரர் இன்னும் முடிவெடுக்கவில்லை. வாங்கினால் மாடுகளுக்கு ஒரு வழி விடலாமா, அவரையே கூட்டாகப் பயிர் செய்யச் சொல்லலாமா என்று வீட்டில் மஷ்வரா நடக்கிறது. அடுத்த வாரம் உம்மாவைப் பார்க்க ஊருக்குப் போகிறார்.

உங்களுக்கும் இப்படி ஒரு நிலம் வந்தால் அதையே செய்யுங்கள். பதிவேட்டைப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர்களைப் பாருங்கள், உங்கள் நெஞ்சைப் பாருங்கள். கடைசியில் நம் எல்லாருக்கும் ஆறடி நிலம் நிச்சயம். அதற்குப் பத்திரமும் வேண்டாம், வேலியும் வேண்டாம். அங்கே நிழல் தரப்போவது நாம் இங்கே யாருக்கு நிழல் கொடுத்தோம் என்பதுதான்.

அல்லாஹுத்தஆலா ஹலாலான சம்பாத்தியத்தையும் பரக்கத்தான ஓய்வையும் நமக்குத் தருவானாக. பிறர் உரிமையில் ஒரு சாண்கூட நம் கையில் சேராமல் பாதுகாப்பானாக. நம் பூமியிலிருந்து ஏழைகளும் பறவைகளும் கால்நடைகளும் பசியாறும் பாக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.