கிழிசலைத் தைக்கும் நாள்

அம்மா போய் ஐந்து வாரம் இருக்கும். காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டுக் குழந்தை ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்குவதற்குள் நெஞ்சு சுருக்கென்றது. அதற்குள் சிரிக்கலாமா? எப்போது சிரிக்கலாம் என்று யார் சொல்வது?

பண்டைய எபிரேயர்கள் இந்தக் கேள்வியைத் துக்கப்பட்டவர் தலையில் சுமத்தவில்லை. மரபே நாள் குறித்தது. தகப்பன் யாக்கோபுக்காக யோசேப்பு 7 நாள் துக்கம் காத்தான். மோசேக்காக இஸ்ரவேலர் மோவாப் சமவெளியில் 30 நாள் அழுதார்கள். பிறகு எழுந்து நடந்தார்கள்.

துக்க நாட்களில் இரட்டுதான் உடை, தலையில் புழுதி, எண்ணெய் கூடாது. துக்கம் உடம்பில் ஏறியதால் அது இறங்குவதும் உடம்பிலிருந்தே தொடங்கியது. தாவீது ராஜாவைப் பாருங்கள். தன் குழந்தை நோயில் கிடந்தபோது சாப்பிடாமல் தரையிலேயே கிடந்தான். ஏழாம் நாள் குழந்தை இறந்தது. அதைச் சொல்லவே வேலைக்காரர்கள் பயந்தார்கள். அவனோ எழுந்து குளித்தான், எண்ணெய் பூசினான், உடை மாற்றினான், ஆலயத்துக்குப் போய்த் தொழுதான், வீடு திரும்பிச் சாப்பாடு கேட்டான். சுற்றி நின்றவர்கள் திகைத்தார்கள். நான் அவனிடம் போவேன், அவன் என்னிடம் திரும்பி வரமாட்டான் என்பதே அவன் சொன்ன காரணத்தின் சாரம். கல்மனம் படைத்தவன் பேச்சல்ல அது. இழப்பை முழுசாக ஒப்புக்கொண்டவனுக்குத்தான் அப்படிப் பசிக்கும்.

என்னை அதிகம் தொட்டது பிற்கால யூத அறிஞர்கள் தால்முட் என்ற நூலில் எழுதிவைத்த ஒரு விதி. இறந்தவருக்காக மேலாடையைக் கிழித்துக்கொள்வது வழக்கம். தாய் தகப்பன் அல்லாத உறவினருக்கென்றால், 7 நாள் கழித்துக் கிழிசலைத் தூரத் தூரமாக நூலோட்டி இழுத்துக்கொள்ளலாம். 30 நாளுக்குப் பின் சீராகத் தைத்துவிடலாம். தாய் தகப்பனுக்குக் கிழித்த துணிக்கு 30 நாள் கழித்து நூலோட்டலாம், அவ்வளவுதான். சீரான தையல் அதற்கு என்றைக்கும் கிடையாது.

ஆனாலும் அந்த உடையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. உடுத்திக்கொண்டு கடைக்குப் போகலாம், கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்லலாம், சிரிக்கலாம். நூலோட்டிய இடம் மட்டும் விரலுக்குத் தட்டுப்படும்.

அன்றைய சிரிப்புக்காக நான் இப்போது வருந்துவதில்லை. அம்மாவுக்கான கிழிசல் அப்படியே இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் சிரித்தேன்.