சுரங்கக் கழிவில் வளரும் புல்

வேல்ஸ் நாட்டின் ட்ரெலோகனில் கைவிடப்பட்ட துத்தநாக, ஈயச் சுரங்கத்தின் கழிவுமண் பெரும்பாலான செடிகளுக்கு நஞ்சு. வேர் நீளவே விடாது. ஆனால் ஆந்தோக்சாந்தம் என்னும் மணப்புல் அதில் வளர்கிறது. அருகிலுள்ள மேய்ச்சல் நிலத்தின் அதே இனப் புல்லை அங்கு நட்டால் பிழைப்பதில்லை. உலோகம் புல்லை மாற்றிவிடவில்லை. சாதாரணப் புல்லின் விதைகளிலேயே நஞ்சைத் தாங்கும் நாற்று மிக அரிதாக இருக்கிறது. கழிவுமண் மற்றவற்றைக் கொன்று அதை மட்டும் விட்டுவைக்கிறது. நல்ல மண்ணிலோ போட்டியில் பின்தங்குவது இந்தத் தாங்கும் புல்தான்.

வியப்புக்குரியது மகரந்தம். காற்று அதை எல்லை பாராமல் சுமக்கிறது. கலப்பு ஓயாமல் நடந்தும் வேறுபாடு அழியாததற்குக் காரணம், ஒவ்வொரு தலைமுறையிலும் இயற்கைத் தேர்வு அத்தனை கடுமையாக இருப்பதே. போதாததற்கு, சுரங்கப் புல் அண்டைப் புல்லைவிட முன்னதாகவே பூத்துவிடுகிறது. தன் மகரந்தத்தாலேயே கருவுறும் திறனும் அதற்குக் கூடுதல். இத்தனையும் நிகழ்ந்த காலம் பரிணாமக் கணக்கில் கண்ணிமைப்பொழுது. இத்தகைய புற்களை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் ஆந்தனி பிராட்ஷா. பின்னாளில் உலோகம் தாங்கும் சிவப்பு ஃபெஸ்க்யூ புல்லின் 'மெர்லின்' ரகம், கழிவு நிலங்களைப் பசுமையாக்கும் விதையாகவே விற்பனைக்கு வந்தது.