வறுமைக்குச் சாட்சி யார்?

லிந்துலைக் கடைவீதியில் அரசாங்க உதவிப் பணத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், ஒரே கருத்துப் பல வாய்களிலிருந்து வரும். "தோட்டத்து ஆட்களுக்கு என்ன குறை? மாதச் சம்பளம் இருக்கிறது. வாடகையில்லாத லயம் இருக்கிறது. சேமலாப நிதி இருக்கிறது. இதற்கு மேலும் கொடுத்தால் வேலைக்கே போக மாட்டார்கள்." இப்படிச் சொல்பவர்கள் கொடியவர்கள் அல்லர். கடைக்காரர்கள், எழுதுவினைஞர்கள், ஆசிரியர்கள். இவர்களுள் சிலர் அதே லயங்களில் பிறந்து, படித்து மேலேறியவர்கள். ஆகவேதான் இதனை வெறும் வம்புப் பேச்சென்று தள்ளிவிட முடியவில்லை.

இப்பேச்சின் அடியில் ஓர் அறவியற் கேள்வி கிடக்கிறது. உதவி பெற விரும்பும் மனிதன் தன் வறுமையை நிரூபித்துத்தான் ஆகவேண்டுமா? ஆகவேண்டுமெனில், யாருடைய சாட்சியம் அவனுக்கு ஏற்கப்படும்?

கூப்பன் அரிசியின் கதையை நினைத்துப் பார்ப்போம். இரண்டாவது உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய அந்தப் பங்கீடு, ஏறத்தாழ எல்லோருக்கும் உரியதாக இருந்தது. கொழும்பில் பங்களாவில் வாழ்ந்தவருக்கும் கூப்பன் புத்தகம் உண்டு; கொழுந்து பறித்தவளுக்கும் உண்டு. அதனை வாங்கியவரை யாரும் பிச்சை ஏற்றவர் என்று இகழவில்லை. 1953இல் டட்லி சேனநாயக்க அரசாங்கம் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12ஆம் தேதி நாடே ஹர்த்தாலில் இறங்கியது. அவ்வாண்டு முடியுமுன்பே பிரதமர் பதவி விலக நேர்ந்தது. எல்லோருடைய கையிலும் இருந்த பொருளுக்காக எல்லோரும் போராட முடிந்தது. வெட்கம் அங்கே குறுக்கிடவில்லை.

1978இல் நிலைமை மாறிற்று. ஐவர் கொண்ட குடும்பத்தின் மாத வருமானம் 300 ரூபாவுக்கு மேற்படாதிருந்தால் மட்டுமே பங்கீடு என்று விதிக்கப்பட்டது. மறு ஆண்டு செப்டெம்பரில் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. அன்றிலிருந்து நாட்டில் இரு சாதிகள்: முத்திரை பெறுகிறவர், பெறாதவர். பெறுகிறவர் தாம் ஏழை என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

தோட்டத்து மக்களுக்கு இவ்விதி வேறுவிதமாக வேலை செய்தது. கிராமத்து உழவனின் வருமானத்தை எவரும் எழுதி வைப்பதில்லை. அவன் சொல்வதே கணக்கு. தோட்டத் தொழிலாளியின் வருமானமோ அன்றாடம் செக்றோலில் ஏறுகிறது. கணவன், மனைவி, மூத்த மகன் ஆகிய மூவரின் பெயரும் அதில் உண்டு. மூன்று அற்பக் கூலிகள் கூட்டப்பட்டு, காகிதத்தில் ஒரு 'போதிய வருமானம்' ஆகிவிட்டன. எந்த ஏடு அவர்கள் எவ்வளவு குறைவாகக் கொடுக்கப்படுகிறார்கள் என்பதற்குச் சான்றோ, அதே ஏடு அவர்களுக்கு உதவி தேவையில்லை என்பதற்கும் சான்றாயிற்று. ஏட்டை எழுதியவனோ முதலாளியின் கணக்கப்பிள்ளை!

இந்தக் 'போதிய வருமானம்' எத்தகையது என்பதை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே மலையகம் கண்டிருந்தது. 1973-74இல் பங்கீடு குறைந்து, மா விலை ஏறியபோது, கிராமத்தான் வீட்டுக் கொல்லையில் மரவள்ளி கிழங்காவது தோண்டினான். லயத்தானுக்குக் கொல்லை ஏது? சம்பள ஏட்டில் பெயர் இருக்க, தோட்டங்களில் மனிதர் பட்டினியால் மடிந்தனர். வாக்குரிமை இருந்திருந்தால் இது நேர்ந்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. 1947இல் தலவாக்கலைத் தொகுதி சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவருக்கு வாக்களித்த மக்களையே நாடற்றவராக்கின. வாக்கற்றவனின் பசிக்கு எந்த அமைச்சனும் அஞ்சுவதில்லை.

இன்று குடியுரிமை உண்டு, வாக்கும் உண்டு. ஆயினும் 2019ஆம் ஆண்டு அரசாங்கக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் வறியோர் 14.3 வீதம், தோட்டப் புறத்திலோ 33.8 வீதம். 2016இல் நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். தோட்டங்களில் இது ஏறத்தாழ 32 வீதம். மாதச் சம்பளமும் இலவச லயமும் வாய்த்தவர்களின் குழந்தைகள்!

2023இல் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில் 'அஸ்வெசும' வந்தது. வருமானத்தை மட்டும் கேளாமல், கல்வி, உடல்நலம், வீடு, உடைமை என 22 அளவுகோல்களால் வறுமையை அளக்க முற்பட்டது. பழைய முறையைவிட இது அறிவுடையது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தேர்வானவர் பட்டியல் பலர் காண வெளியிடப்பட்டது, விடுபட்டவர் மேன்முறையிடலாம், தேர்வானவர்மீது பிறர் ஆட்சேபமும் எழுப்பலாம் என்றும் விதித்தது. ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. லயத்தில் ஒரு சுவரின் இப்பக்கம் ஒரு குடும்பம், அப்பக்கம் மற்றொன்று. அவர்களுக்குள் இருமலும் கேட்கும், அடுப்பின் மணமும் தெரியும். ஒருவர் பெயர் பட்டியலில் இருந்து, மற்றவர் பெயர் இல்லையெனில், கோபம் எங்கே போகும்? கொழும்பில் அளவுகோல் வகுத்தவர்மீதா? பக்கத்துக் காம்பராக்காரிமீதுதான். ஏழை ஏழைக்கு எதிராகச் சாட்சி சொல்ல வழி திறந்துவிடும் ஒரு திட்டம், பணம் எவ்வளவு கொடுத்தாலும், எதையோ பறித்துக்கொள்கிறது.

'கொடுத்தால் சோம்பேறியாவர்' என்னும் வாதத்துக்கு வருவோம். சோம்பலுக்கு உடனுக்குடன் தண்டனை கிடைக்கும் இடம் கொழுந்து மலையைப் போல் வேறில்லை. விதித்த அளவுக்குக் கொழுந்து நிறுவையில் குறைந்தால் அரைப்பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் பெற்ற அந்த அரைப்பேரைக் கண்டவர், இவர்களைச் சோம்பேறிகள் என்று எப்படிச் சொல்வார்? குடியைக் காட்டுவோரும் உண்டு. குடி உண்மைதான், அதனை மறைப்பதில் பயனில்லை. ஆனால் தோட்டத்துக்கருகே சாராயக் கடைக்கு உரிமம் கொடுத்து வரி வாங்குகிற அரசாங்கம், அதே குடியைக் காட்டி அரிசியை மறுக்குமானால், அதற்கு என்ன பெயர் சொல்வது?

வள்ளுவர் இரத்தலைப் பற்றியும் இரவச்சத்தைப் பற்றியும் அடுத்தடுத்து அதிகாரம் வகுத்தார். இரந்து வாழும்படியான நிலை வந்தால் அவர் சபிப்பது இரப்பவனை அல்ல, உலகை அப்படி அமைத்தவனை. நம் கடைவீதி அறம் இதனைத் தலைகீழாக்கிவிட்டது.

முற்போக்காளரிடமிருந்தே ஒரு மறுப்பு எழுகிறது, அது வலுவானது. சம்பளம் பெறுபவனுக்கு அரசாங்கம் உதவி செய்தால், ஆதாயம் கம்பனிக்குத்தானே? 1795இல் இங்கிலாந்தின் ஸ்பீனம்லாந்தில், குறைந்த கூலியை வரிப்பணத்தால் நிரப்பினார்கள். பண்ணைக்காரர்கள் கூலியை உயர்த்தும் கவலையற்றிருந்தார்கள். 2021இல் நாட்கூலி 1,000 ரூபா என்று விதிக்கப்பட்டதும், தோட்டக் கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. 1,350 ரூபாவாவதற்கு 2024 ஆயிற்று. இவர்களுக்கு நாம் ஏன் துணைபோக வேண்டும்? வாதம் சரியே. ஆனால் கம்பனியோடு போராடி முடிக்கும்வரை குழந்தையின் வயிற்றைக் காத்திருக்கச் சொல்லும் உரிமை, முக்கியமாக மாதச் சம்பளத்தில் வாழும் நமக்கு, எங்கிருந்து வந்தது? கூலிப் போராட்டம் ஒருபுறம் நடக்கட்டும். பசித்தவன் அதிக நாள் வேலைநிறுத்தம் செய்ததாக வரலாறு இல்லை.

வேறு வழி இல்லாமலும் இல்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இந்த மலைகளிலிருந்து கப்பலேறியவர் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தனர். 1997இல் இந்திய மத்திய அரசாங்கம் பங்கீட்டை வறுமைக்கோட்டால் பிரித்தபோதும், தமிழ்நாடு அப்படிப் பிரிக்க மறுத்தது. ஆகவே கூடலூரில் குடியேறிய தம்பி அட்டையைக் காட்டி அரிசி வாங்குகிறான். 'நீ போதிய ஏழையா?' என்று அவனை எவரும் கேட்பதில்லை. 'இலவசம்' என்ற ஏளனம் அங்கும் உண்டு. ஆயினும் அரிசி வீட்டுக்கு வந்துவிடுகிறது. லிந்துலையில் தங்கிவிட்ட அக்காள் படிவம் நிரப்புகிறாள்.

அந்தப் படிவத்தை நிரப்பித் தரும்படி அவள் பெரும்பாலும் பாடசாலை ஆசிரியரிடம்தான் வருகிறாள். குடும்பத்தில் சம்பாதிப்போர் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி. கொழும்பில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போயிருக்கும் பதினேழு வயது மகளைச் சேர்ப்பதா? மகள் சம்பாதிக்கிறாள், உண்மை. பணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, சில வேளை வருவதில்லை, இதுவும் உண்மை. முதல் உண்மைக்குப் படிவத்தில் கட்டம் இருக்கிறது, இரண்டாவதற்கு இல்லை. எழுதுகோல் ஆசிரியர் கையில் இருக்கிறது. தாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.