'கிரேஸ்' என்னுஞ் சொல்லும் திருவருளும்

ஆங்கில நூல்வழிச் சித்தாந்தம் பயில்வார், அருள் என்பதற்கு நேராகக் 'கிரேஸ்' என்னுஞ் சொல்லையே யாண்டுங் காண்கின்றனர். 1900-இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பையரும், திருவருட்பயனை ஆங்கிலமாக்கிய நல்லசாமிப் பிள்ளையவர்களும் அதனையே கொண்டனர். பிறிதொரு சொல் அம்மொழியில் எளிதிற் கிடையாமையின் அவர்களைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. ஆயினும் அச்சொல் தன்னொடு எவற்றைக் கொண்டுவருகின்றது என ஆராய்தல் வேண்டும்.

நடையழகும், உணவுக்குமுன் கூறும் வழிபாட்டுரையும், டியூக்கு முதலியோரை விளிக்கும் மரியாதைச்சொல்லும் 'கிரேஸ்' என்றே வழங்கும். இவை நிற்க. நமக்குப் பெரிதும் உதவுவது வணிகர் வழக்காம். நாள்குறித்த உண்டியற்சீட்டுக்கு, அந்நாளின்மேல் மூன்றாம் நாளே தவணை முற்றும் நாள் என்பது நம் நாட்டு 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம். இங்கிலாந்தில் இது 1971-இல் நீக்கப்பட்டது. இந்நாட்களைக் 'கிரேஸ்' நாட்கள் என்பர். முதலிற் கடன்கொடுத்தான் தன் மனமிரங்கி விட்டுக்கொடுத்தது; பின்னர் வழக்காகி, சட்டமாகி, கடன்பட்டான் கேட்டுப்பெறும் உரிமையாயிற்று. உரிமையானபின்னும் பெயர்மட்டும் மாறவில்லை!

இச்சொற்கு மூலமாகிய 'கிராத்தியா' என்னும் இலத்தீன்மொழி, விலையின்றி மனமுவந்து செய்யும் உபகாரத்தைக் குறிப்பது. தகுதிக்கு ஈடாகக் கொடுப்பது கூலியேயன்றிக் 'கிரேஸ்' ஆகாது என அகுஸ்தீன் பெலாகியுசை மறுத்து வாதித்தார். பெலாகியுசின் கொள்கை 418-இல் கார்த்தேசுச் சங்கத்தாரால் விலக்கப்பட்டது. அகுஸ்தீன் கொள்கைப்படி, இறைவன் ஒருவனுக்கு அதனை ஈந்து மற்றொருவனுக்கு ஈயாதொழியினும் குற்றமின்று. ஈயாதுவிடவுங் கூடிய கொடை என்பதே அச்சொல்லின் உயிர்நிலை.

நம் சித்தாந்தத்தில் அருளாவது சிவசத்தியே. தீயும் சூடும்போலச் சிவத்தின் வேறன்றி நிற்பது, ஒருவர்க்குண்டு ஒருவர்க்கில்லை எனப் பகுக்கப்படுமோ? ஆங்கிலத்தில் அரசன் தண்டியாது விடுதலே 'கிரேஸ்', தண்டித்தல் நீதி. நமக்கோ தண்டித்தலும் மறக்கருணையாம்.

ஈண்டு நம்மையே மடக்கும் வினா ஒன்றுண்டு. இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்தியவழிச் சத்திநிபாதம் நிகழும் என்கின்றோம். அங்ஙனமாயின், மூன்றாம் நாளைக் கேட்டுப்பெறும் கடனாளியைப்போலப் பக்குவமுடையான் அருளை உரிமையாகக் கேட்கலாமன்றோ? இதனை எளிதென்று தள்ளுதல் ஆகாது. ஞாயிறு எல்லாத் தாமரைக்கும் ஒப்பவே காய்கின்றது. முதிர்ந்த மொட்டு அலர்கின்றது என்பது நம்மவர் கூறும் விடை. அவ்வளவில் நில்லாது, அம்மொட்டை முதிர்வித்ததும் அஞ்ஞாயிறே என்று கொள்ளல்வேண்டும். மலத்தைப் பற்றிநின்று பாகம்வருவிக்கும் திரோதானசத்தியும் அருளேயாகலின், பக்குவம் உயிர் தான் ஈட்டிய முதலன்று. அதனைக் காட்டி வழக்காடுதற்கு இடமில்லை.

திரோதானத்தை ஆங்கிலத்தில் வெறும் மறைப்பு என்னும் பொருள்படப் பெயர்ப்பாரும் உளர். அருள் என்னும் பகுதி அங்கே அற்றுப்போகின்றது. 'மறைக்குங் கிரேஸ்' என எழுதின் ஆங்கிலேயர் செவிக்கு முரணாகத் தோன்றும். தோன்றினும் அங்ஙனம் எழுதி, அம்முரணை உரையில் விளக்குதலே தக்கது என்பது எம் துணிபு.