சர்க்கரையில்லாத இனிப்பும் சொல்லாமல் விட்ட சொல்லும்

"சர்க்கரை சேர்க்காதது" என்று அட்டையில் அச்சிட்ட அல்வாவும் லட்டும் இன்று நம் நிக்காஹ் விருந்துகளிலும் பெருநாள் தட்டுகளிலும் இடம் பிடித்துவிட்டன. நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கும் மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023ஆம் ஆண்டு தெரிவித்தது. "எனக்கு இனிப்பு ஆகாது" என்று கையால் தட்டை மறைக்கும் விருந்தாளி இல்லாத சபை அரிது. அவருடைய மனமும் நோகக் கூடாது என்று மாற்று இனிப்பு வாங்கி வைப்பது நல்ல நிய்யத்துதான். அதைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை.

ஏற்காடு மலையில் கொட்டச்சேட்டில் வசிக்கும் ஓர் அன்பர் ஒரு விஷயத்தை வினவினார். சேலத்தில் உறவினர் வீட்டு வலீமாவுக்கு அவருடைய தகப்பனார் சென்றிருக்கிறார். "மாமு, இது சர்க்கரையில்லாதது, பயப்படாமல் சாப்பிடுங்கள்" என்று நீட்டப்பட்ட தட்டிலிருந்து நாலைந்து துண்டுகளை எடுத்துக்கொண்டார். குப்பனூர் வழியாக மலையேறும் பஸ்ஸில் வயிறு பொருமி, இரைந்து, நடுவழியில் இறங்க வேண்டியதாயிற்று. வயிற்று நோவைவிட, பஸ்ஸிலிருந்தவர்கள் பார்த்த பார்வைதான் பெரியவரை வாட்டியதாம். அன்பர் கேட்பது இதுதான்: பொருள் ஹலால், விஷமுமன்று, கொடுத்தவரோ அன்பால் கொடுத்தார். அப்படியிருக்க, இதில் யாருக்காவது பொறுப்பு உண்டா?

பதில் சொல்லுமுன் பொருளின் தன்மையை அறிந்துகொள்ள வேண்டும். மாற்று இனிப்புகள் யாவும் ஒரே வகையன்று. 1879ஆம் ஆண்டு அமெரிக்காவில் கண்டறியப்பட்ட சாக்கரின் போன்றவை சர்க்கரையைவிட நூற்றுக்கணக்கான மடங்கு இனிப்பானவை. சிட்டிகை போதும்; வயிற்றை இளக்குபவை அவையல்ல. ஆனால் சிட்டிகைப் பொருளால் தேநீரை இனிப்பாக்கலாமே தவிர, லட்டுக்கு வேண்டிய பாகையும் கனத்தையும் கொடுக்க முடியாது. சர்க்கரை அடைத்துக்கொண்டிருந்த இடத்தை வேறொன்று நிரப்ப வேண்டும். அதற்காகப் பல தயாரிப்புகளில் சேர்ப்பவைதாம் சார்பிட்டால், மால்டிட்டால் முதலியன. இவற்றைப் பாலியால் என்பர். சிறுகுடல் இவற்றை முழுவதும் உறிஞ்சுவதில்லை. மிஞ்சியது குடலுக்குள் நீரை இழுக்கிறது. பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள கிருமிகள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. சார்பிட்டால் 10 கிராம் போனாலே சிலருக்கு வயிறு உப்பும். 20 கிராம் போனால் பலருக்குப் பேதியாகும். சிறு பிள்ளைகளுக்கு இன்னும் குறைந்த அளவே போதும். போதாக்குறைக்கு, மால்டிட்டால் இரத்தச் சர்க்கரையை ஓரளவு உயர்த்தவும் செய்யும்.

இவற்றுக்குச் "சர்க்கரை ஆல்கஹால்" என்றும் ஒரு பெயருண்டு. அந்தப் பெயரைக் கேட்டதும் ஹராமோ என்று பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். இது ரசாயன நூலார் வைத்த வகைப்பெயர். போதை தருவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆப்பிளிலும் பேரிக்காயிலும் சார்பிட்டால் இயற்கையாகவே இருக்கிறது. இல்லாத ஹராமைத் தேடி அலைகிற நாம், இருக்கிற கடமையைக் கவனிக்கத் தவறுகிறோம்.

அந்தக் கடமை யாது? தானியக் குவியல் ஒன்றினுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்கள் நனைந்த செய்தியை அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பாக முஸ்லிம் ஷரீபில் காண்கிறோம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அது பொய்யன்று, அவர் தாமாக நீர் தெளிக்கவுமில்லை. ஆயினும், வாங்குவோர் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்றே அவரிடம் கேட்கப்பட்டது. குறை அவர் செய்ததன்று. மறைவு மட்டுமே அவருடையது. கண்டனமும் அந்த மறைவுக்கே.

"ஈரம் தானியத்துக்குக் குறை. பேதியாக்குவது சார்பிட்டாலின் இயல்பு. உப்பு கரிக்கிறது என்று யாராவது சொல்லி விற்பார்களா?" என்று ஒருவர் வாதிக்கலாம். வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் உப்பை உப்பு என்ற பெயரில் விற்கிறோம். அதன் தன்மை எல்லாருக்கும் தெரியும். இங்கே பொருள் லட்டு என்ற பெயரில் வருகிறது. லட்டு என்றால் வயிறு என்ன எதிர்பார்க்குமோ அதையே அந்தப் பெயர் வாக்களிக்கிறது. அதன் மேல் "சர்க்கரையில்லாதது" என்ற சொல் சேர்ந்ததும், நோயாளி அதைத் தீங்கில்லாதது என்றே கேட்டுக்கொள்கிறார். ஒரு நன்மையை உரக்கச் சொல்லி அதன் மறுபக்கத்தை விழுங்கிவிடுவது, பொய் சொல்லாமலே ஏமாற்றும் வழியாகும். மதுவைப் பற்றிச் சூரத்துல் பகராவின் 219ஆம் ஆயத்து பேசும்போது, அதில் மனிதருக்குப் பயன்களும் உண்டு என்பதைக்கூட மறைக்கவில்லை. கேடு பெரிது என்றது. வெறுக்கப்பட்டதன் பயனையே சொல்லியிருக்க, விரும்பத்தக்கதன் தீங்கை நாம் எப்படி மறைப்பது?

நம் நாட்டுச் சட்டமும் இவ்விஷயத்தில் ஒரு படி நடந்திருக்கிறது. நூற்றுக்கு 10 பங்கோ அதற்கு மேலோ பாலியால் சேர்த்த பண்டத்தின் உறையில், அது பேதியாக்கக்கூடும் என்று அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஆனால் பெரியவருடைய தட்டுக்கு உறை வரவில்லை. இனிப்பு மட்டும்தான் வந்தது. உறையைப் பிரிக்கிறவர் கையில் அந்த எச்சரிக்கை ஓர் அமானத்தாக ஏறிவிடுகிறது என்பேன்.

எனவே அன்பருக்கு என் பதில்: தெரிந்தும் மறைத்து விற்றவர் குற்றவாளி. வீட்டார் அறியாமல் கொடுத்திருந்தால் அவர்கள் மேல் குற்றமில்லை. அறிந்த நாளிலிருந்து சொல்வது அவர்கள் கடமை. பெரியவர் பங்கும் சிறிது உண்டு. ஒரு துண்டு தின்னத் தயங்கியிருப்பவரை ஐந்து துண்டு வரை கொண்டுபோனது நஃப்ஸ்தானே! வயிற்றுப்போக்குடன் இருந்தவருக்குத் தேன் கொடுக்கச் சொன்ன ஹதீஸை நாம் அறிவோம். கொடுத்ததும் போக்கு அதிகமாயிற்று; மறுபடியும் மறுபடியும் கொடுத்த பிறகே குணமாயிற்று. நோய்க்கு ஏற்ற அளவு சேரும்வரை கொடுக்கப்பட்டது என்று இப்னுல் கய்யிம் (ரஹ்) விளக்குகிறார்கள். ஷிஃபா இருக்கிறது என்று குர்ஆன் கூறும் தேனிலேயே அளவு பேசுகிறது என்றால், ஆலையில் செய்த பொடியில் பேசாதா?

ரமளானில் இன்னும் கவனம் வேண்டும். நாள் முழுதும் காய்ந்த வயிற்றில் இஃப்தார் நேரத்தில் முதலில் போய் விழுவது இந்த இனிப்பாக இருந்தால், அதன் வேகம் தெரிவது பெரும்பாலும் இஷாவை ஒட்டித்தான். தராவீஹில் நிற்பவருக்கு உளூ நிற்காது; அடக்கிக்கொண்டு தொழுவதோ மக்ரூஹ். வரிசையை விலக்கிக்கொண்டு மூன்று முறை வெளியே போய் வந்தவர் நான்காம் முறை வீட்டுக்கே போய்விடுவார். அவருக்கு எதனால் இப்படி ஆயிற்று என்று அவருக்கும் தெரியாது, விருந்து வைத்தவருக்கும் தெரியாது. ஆகவே இஃப்தார் தட்டில் பேரீச்சம்பழத்தை வையுங்கள். அந்த இனிப்பை, அதன் குணத்தைச் சொல்லி, தராவீஹ் முடிந்து வந்த பிறகு ஒரு துண்டு மட்டும் கொடுங்கள்.