ஒலிப்பதிவும் உபசாரமும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களில் ரப்பர் மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டதும், தமிழ்க் குடும்பங்கள் சிரம்பான் போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்ததும் மாரியம்மன் கோயில்களின் வாத்தியக்காரர்களைக் குறைத்துவிட, மணியையும் முரசையும் மோட்டாரால் அடிக்கும் மின்மேளமும், பாடகி எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்களை முழக்கும் ஒலிபெருக்கியும் பல இடங்களில் அவர்களுக்கு ஈடாக வந்தன. மனிதர் வாசிக்காத இசை வழிபாடாகுமா என்பது இதிலிருந்து எழும் சமயக் கேள்வி. ஆகம வழிபாட்டில் இசை என்பது தூபதீபங்களைப் போல இறைவிக்கு அளிக்கும் உபசாரம், அதாவது பணிவிடை. பணிவிடைக்குச் செய்பவர் ஒருவர் வேண்டும், பதிவோ என்றோ முடிந்துவிட்ட செயலின் தடம்.

ஆயினும் வசதியற்ற தோட்டக்கோயிலில் பொத்தானை அழுத்தும் பூசாரியின் பக்தியைக் குறைத்துப் பேசுவது அநியாயம். உண்மையான இழப்பு திருவிழாவில்தான் நிகழ்கிறது. வளைந்த குச்சியால் தோலை உரசி விம்மச் செய்யும் உறுமியை வாசிப்பவர், சாமியாடுபவரின் அசைவைப் பார்த்து வேகத்தைக் கூட்டுகிறார், அருள் இறங்கும்வரை காத்திருக்கிறார், அது தணியும்போது தாமும் தணிகிறார்; நீளம் முன்பே வகுக்கப்பட்ட பதிவுக்கு அந்தக் கண்ணும் இல்லை, செவியும் இல்லை. ஆகவே அன்றாடப் பூசைக்கு மின்மேளம் போதும். அருளழைக்கும் வேளையில் அது தகாது. உறுமி பயில விரும்பும் இளைஞர்களுக்குக் கோயில் நிர்வாகங்கள் நிதி ஒதுக்க வேண்டும்.